சூள்வாவி இறைக்கப்பட்டது குறித்து முகில்வரை வேளுக்கு

நிலமும் நீரும் நிலைபெறுக. வளம் குன்றாத தண்கரை நாட்டின் தலைநகராம் ஏழ்வாயில் மாநகரத்து, நாரைக்கொடி நிழலில், தந்தையார்க்குப் பின் அரியணை ஏறி அறம் பிறழாது காக்க முயலும் அரசி ஆயிழை நாச்சியார் விடுக்கும் திருவோலை. முகில் படியும் முடிகளும் தேன் படியும் பாறைகளும் உடைய முகில்வரை நாட்டின் காவலரும், மேற்குக் கணவாயின் கதவாய் நின்றவரும், எம் தந்தையார் வாய் நிறைய மலைத்தம்பி என்று அழைத்தவருமான வேள் மலைக்கொழுந்தனார், தம் அவையோர் சூழ இருந்து கேட்டருள்க. நும் சுனைகள் ஊறுக. நும் தினைக்கதிர் முற்றுக. நும் மனையோரும் மறவரும் நோயின்றி வாழ்க.

பொருளைத் தொடங்குமுன் ஒரு சொல். இதைக் கொண்டுவந்த ஓலைதாங்கி, நம் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கப்படி, தலைமுதல் இடைவரை வெண்துகில் போர்த்து, வாய் திறவாமல் நும் முன் நிற்கக் காண்பீர். தூதின் முகத்தைப் பார்த்து ஓலைக்குப் பொருள் கொள்ளலாகாது என்று நம் முன்னோர் வைத்த வழக்கம் அது. நும் கோபம் யாம் அறியாததன்று. பாதி படிக்கும்போதே ஓலையை வீசிவிட்டுத் தூதின் துகிலைப் பற்றி இழுக்கிற கை நும்முடையது என்று எம் தந்தையார் சிரித்துச் சிரித்துச் சொல்வார். இம்முறை அது வேண்டாம். கடைசி வரி படித்து முடியும்வரை ஓலைதாங்கியை ஒருவரும் தொடக்கூடாது, ஒன்றும் கேட்கக்கூடாது. மலையேறி வந்த களைப்புக்குக் குடிக்க நீர் கொடுத்தீரா? இல்லையென்றால் இப்போதே கொடுத்துவிட்டு மேலே படிக்கச் சொல்லும்.

நும் ஓலை வந்து சேர்ந்தது. அதில் வாழ்த்தும் இல்லை, நலம் கேட்டலும் இல்லை. எம் நாட்டு நீரைச் சாக்கடையில் கொட்டினீர் என்று எழுதியிருந்தீர். எம் மகளைச் சேறு சுமக்கும் அடிமை ஆக்கினீர் என்றும், அந்த நீர் போனபின் சூளும் போயிற்று என்றும், மகளைத் திருப்பி அனுப்பாவிடில் வாளோடு வந்து அழைத்துச் செல்வேன் என்றும் எழுதியிருந்தீர். கணவாயை அடைத்துவிட்டீர். மலைமேல் போர்ப்பறை முழங்குகிறது என்று எல்லைக் காவலர் வந்து சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், எழுத்தாணி ஆழமாய்ப் பதிந்து ஓலையே கிழிந்த இடத்தில், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் எழுதும் என ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு முதலில் விடை சொல்கிறோம். நும் மகள் சுனைமங்கை உயிரோடு இருக்கிறாள். நலமாய் இருக்கிறாள். ஐயோ, பெற்றவருக்கு இதைச் சொல்லாமல் வேறெதைச் சொல்லி என்ன?

இது நும் அவையில் உரக்கப் படிக்கப்படும் ஓலை. சூள்வாவியைக் கண்ணால் காணாத இளையோரும் அங்கே வாள்மேல் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களும் அறியும்படி வழக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். எம் கோட்டையின் தெற்கு வாயிலுக்குள் ஒரு நீராடு குளம் உண்டு. எமக்கு அடங்கிய எழுவர் நாட்டு வேள்களும் பட்டம் ஏற்கும்போது தம் நாட்டு நீரை ஒரு குடம் கொண்டுவந்து அதில் ஊற்றி, இந்நீர் பிரியுமளவும் யாமும் பிரியோம் என்று சூளுரைப்பார்கள். அதனால் அது சூள்வாவி ஆயிற்று. சூளுக்குத் துணையாகத் தம் மக்களுள் ஒருவரைப் பிணையாக எம் நகரில் விட்டுச் செல்வார்கள். பிணையின் கையில் இரும்பு வளை பூட்டப்படும். அந்த வளை கிடக்கும்வரை பிணையின் உடலை அரசரே ஆனாலும் தொட்டுத் தடுக்கக்கூடாது. ஆனால் பெற்றவர் சூளை முறித்தால் பிணை கடல்தீவுச் சிறைக்குப் போகவேண்டும். அங்கே போனவர் ஒருவரும் மீண்டதில்லை. இன்னொரு கட்டளையும் உண்டு. வாவியின் படிகளில் எவர் நாட்டு நீர் கலந்ததோ அவரும் அவர் குருதி வழியினரும் தவிரப் பிறர் கால் வைக்கக்கூடாது.

நும் ஓலை வந்த அன்றே உலகுய்ய நின்றார் என்னும் பெயருடைய எம் பேரமைச்சர் அவையில் எழுந்தார். முகில்வரை வேள் தம் வாயாலேயே சூள் போயிற்று என்று சொல்லிவிட்டார், இனி நூல் சொன்னபடி செய்வதே அரசு, சுனைமங்கையைத் தீவுக்கு அனுப்பாவிடில் மற்ற ஆறு வேள்களும் நம்மை எள்ளி நகைப்பார்கள் என்றார். அவர் கெட்டவர் அல்லர். எம்மைத் தோளில் தூக்கி வளர்த்தவர். இதை எழுதவேண்டாம் என்று இப்போதும் கண்சாடை காட்டுகிறார். எழுது என்றோம், ஓலைநாயகன் எழுதுகிறான். நும் வாய்ச்சொல் ஒன்று நும் மகளைச் சிறைவாசல் வரை கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நீர் அறியவேண்டும் என்றே எழுதச் சொன்னோம்.

இனி வாவிக்கு வருவோம். எம் தந்தையார் காலத்தின் முற்பகுதியில் எழுவரும் ஆண்டுக்கொருமுறை தாமே வந்து கூடினீர்கள். பிறகு வருவது நின்றது. ஒருவருக்குக் கால்வலி, ஒருவருக்கு எல்லைச் சண்டை, ஒருவர் வீட்டில் திருமணம். நும் காரணம் மழை. மலையில் மழை பெய்யாத ஆண்டு எது என்று எம் தந்தையார் கேட்கவில்லை, பெருந்தன்மை உள்ளவர். எழுவரும் தூதரை அனுப்பினீர்கள். தூதர் படியில் கால் வைக்கக்கூடாதே! அவர்கள் கரையில் நின்று பூவைத் தூவிவிட்டு விருந்துண்டு போனார்கள். பூ நீரில் கிடந்து அழுகியது. கரையோரப் புன்னைமரங்கள் இலையை உதிர்த்தன. அள்ளிப்போட ஆளில்லை, ஏனென்றால் இறங்கி அள்ளவேண்டிய எழுவரும் தத்தம் நாட்டில் இருந்தீர்கள்.

அதோடு போகவில்லை. நீர் பிரியுமளவும் என்ற சொல்லை எம் அமைச்சர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் ஒரு நாடு கசிந்துவிடும் என்று அஞ்சி, வாவியின் கீழ்ப்புறம் நீர் வெளியேறுவதற்கென்று முன்னோர் வெட்டிவைத்த கற்றூம்பைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அடைத்தார்கள். அடைத்த இடத்துக்குப் பூசையும் செய்தார்கள். விசுவாசம் மிகுந்துபோனால் மனிதர் என்னென்ன செய்வார்கள் என்பதற்கு அதைக் காட்டினால் போதும்.

அதன்பின் நீர் கெடத் தொடங்கியது. முதலில் ஓரங்களில் வெளிறிய பச்சை. பிறகு நூல் நூலாய்ப் பாசி. பிறகு கரைக்குக் கரை தடித்த பச்சைப் பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டது. அதன்மேல் ஒரு காக்கை நடந்துபோனதை யாமே கண்டோம். தெற்கு வாயில் வழியாக அயல்நாட்டுத் தூதரை அழைத்துவருவதை நிறுத்தினோம், மூக்கு அவர்களுக்கும் உண்டு என்பதால். அவைப்புலவர் ஒருவர் அதை மரகதத் தட்டு என்று பாடிப் பரிசுக்கு நின்றார். முழங்கால் அளவு இறங்கி நின்று இன்னொருமுறை பாடும், தருகிறோம் என்றோம். அவர் பிறகு வரவில்லை.

சிரிப்பு அத்தோடு முடிந்தது. அடைபட்ட நீர் போக வழி தேடித் தெற்கு மதிலுக்கு அடியில் கசிந்து, மதிலுக்கு அப்பால் இருக்கும் பூத்தொடுப்போர் தெருவின் கிணற்றில் இறங்கியது. கிணற்று நீர் பச்சை பூத்தது. அதைக் குடித்த குழந்தைகளுக்கு வாந்தியும் கழிச்சலும் கண்டன. நும் மகள் வாழும் பிணைமாளிகையின் சாளரம் அந்தத் தெருவைப் பார்த்து இருக்கிறது. அழுகை முதலில் கேட்டது அவள் காதில்தான்.

அவள் அவைக்கு வந்தாள். வாவியை இறைக்கவேண்டும், தூம்பைத் திறக்கவேண்டும் என்று கேட்டாள். நீர் இறைபட்டால் சூள் இறைபடும், எழுவர் நாடும் கைவிட்டுப் போகும் என்று உலகுய்ய நின்றார் மறுத்தார். அதற்கு அவள் சொன்னதை நீர் காது கொடுத்துக் கேட்கவேண்டும். எங்கள் மலையில் மழைக்கு முன் சுனையை இறைத்துப் பாறையைத் தேய்ப்பது விழா, அது நீருக்குச் செய்யும் மரியாதை, என் தந்தை என்னைத் தோளிலிருந்து இறக்கிச் சுனைச்சேற்றில் விட்டு, உன் பிஞ்சுக் கைக்குத்தான் இந்த இடுக்கு எட்டும், அள்ளு மகளே என்று சொன்னது இன்னும் நினைவிருக்கிறது என்றாள். பால்பல் விழாத வயதில் மலையை விட்டு வந்தவள் அவள். மலையின் பாட்டுகளை மறந்துவிட்டாள், பேச்சைக்கூடப் பாதி மறந்துவிட்டாள். அதை மட்டும் மறக்கவில்லை.

எழுவருக்கும் ஓலை விடுத்து இசைவு பெற்றபின் இறைப்போம் என்று யாம் தீர்ப்புச் சொன்னோம். அவையோர் தலையசைத்தனர். ஓலைகள் போயின. நுமக்கும் ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? எழுவரில் ஒருவரும் மறுமொழி எழுதவில்லை. காத்திருந்த நாட்களில் பூத்தொடுக்கும் மருதி என்பவளின் மகன் இறந்தான்.

மருதி அவைக்கு வந்தாள். ஒப்பாரி வைக்கவில்லை, நீதியும் கேட்கவில்லை. வாவிக்கென்று நாள்தோறும் தான் தொடுத்துத் தரும் மாலையை அன்றும் கொண்டுவந்து எம் காலடியில் வைத்தாள். அவள் பேசியதை அவள் பேசியபடியே எழுதச் சொல்கிறோம்: “என் புள்ளைக்குச் சூளு தெரியுமா, நாடு தெரியுமா தாயே? தாகம்னான், தண்ணி கொடுத்தேன். என் கையாலதான் கொடுத்தேன்.” இவ்வளவுதான் சொன்னாள். நாங்கள் இத்தனை பேர் பட்டும் பொன்னும் அணிந்து அமர்ந்திருக்க, அவள் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை, பொழுது ஏறிவரும் நேரத்தில், நும் மகள் அடுக்களையிலிருந்து ஒரு செப்புக்குடத்தை எடுத்துக்கொண்டு சூள்வாவியின் படியிறங்கினாள். காவலர் ஓடிவந்து கரையில் நின்றுவிட்டார்கள். படியில் அவர்கள் கால்வைக்கக்கூடாது. பிணையின் உடலைத் தொடவும் கூடாது. அவள் பாசியைக் கையால் விலக்கி ஒரு குடம் மொண்டு, மேலேறி வந்து, புன்னைமரத்தின் தூரில் ஊற்றினாள். இது என் தந்தை ஊற்றிய குடம், என் நாட்டு நீரை எடுக்க எனக்கு உரிமை உண்டு, மற்றவர் நீரை மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எல்லோர் காதும் கேட்கச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கினாள். உலகுய்ய நின்றார் கையைப் பிசைந்தார். காவலர் எம் முகத்தைப் பார்த்தனர்.

அன்று உச்சிப்பொழுதுக்குள் மற்ற ஆறு நாட்டுப் பிணைகளும் ஒருவர்பின் ஒருவராய் இறங்கினார்கள். பிறகு வேலை வேலையாய் நடந்தது. கொத்தர்கள் வெளிப்புறத்திலிருந்து தூம்பின் அடைப்பை உடைத்தார்கள். அடைபட்டுக் கிடந்த நீர் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. அதைச் சாக்கடைக்கு விடவில்லை, வேளே. கோட்டை மதிலோரம் ஓடும் பழைய வாய்க்கால் வழியாகக் கீழ்வயலுக்கு விட்டோம். நுமக்குச் செய்தி சொன்னவன் பார்த்தது அந்த வாய்க்காலை. அவ்வளவு பச்சையாய், அவ்வளவு நாற்றத்தோடு நீர் ஓடினால் சாக்கடை என்று நினைப்பது அவன் பிழையன்று. அந்த வயல் இப்போது கதிர் வாங்கி நிற்கிறது. நும் நாட்டு நீர் எங்கே போயிற்று என்று கேட்பவரை அங்கே அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவோம்.

கரையில் மண்டியிருந்த கொடிகளை அரிந்தபோது ஏற்றக்கால் ஊன்றுவதற்கென்று கல்லில் வெட்டிய குழிகள் வெளிப்பட்டன. எண்ணிப் பார்த்தோம், ஏழு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நாட்டின் அடையாளம் பொறித்திருந்தது. மூங்கிற்குருத்துப் பொறித்த குழி நும்முடையது. எதற்காக வெட்டினார்கள்? விளையாடவா? முன்னோர் காலத்தில் ஆண்டுதோறும் வேள்கள் எழுவரும் கூடியது விருந்துக்கும் பூத்தூவலுக்கும் மட்டும் அன்று. தத்தம் ஏற்றத்தில் நின்று, வியர்க்க வியர்க்க, ஒன்றாய் இறைப்பதற்கே கூடியிருக்கிறார்கள். பழைய நீரை வயலுக்கு விட்டுப் புதிய நீரைச் சேர்த்திருக்கிறார்கள். நாம் எல்லோரும் சேர்ந்து அந்தப் பாதியை மறந்துவிட்டு, சொல்லை மட்டும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

நீர் வடிந்தபின் சேறு. இடுப்பளவு கறுத்த சேறு. அழுகிய பூவும் இலையும் செத்த தவளையும் கலந்தது. வேலையாட்களை இறக்கமுடியாது. இறங்கக்கூடியவர்கள் கூடையில் வாரித் தலையில் சுமந்து படியேறிக் கொடுக்க, கரையிலிருந்தவர்கள் வாங்கி வண்டியில் ஏற்றினார்கள். நாள்கள் போயின. கைவிரல் இடுக்கெல்லாம் புண்ணாயிற்று. படிகளைத் தேங்காய் மட்டையாலும் செங்கற்பொடியாலும் தேய்த்தார்கள். தரையை வெயிலில் வெடிக்கக் காயவிட்டுச் சுண்ணாம்பு தூவினார்கள்.

நுமக்குச் செய்தி கொண்டுவந்தவன் உப்பு வணிகன் என்று கேள்விப்பட்டோம். மழைக்காலம் முழுதும் அவன் அடிவாரத்தில் தங்கிவிட்டு, வழி திறந்தபின் மலையேறி, தான் கண்டதை நும்மிடம் சொல்லியிருக்கிறான். முகில்வரை இளவரசி தலையில் சேற்றுக்கூடை சுமந்து ஏறினாள், இடப்புருவத்துத் தழும்பு மறையச் சேறு வழிந்தது என்றான் அல்லவா? பொய் இல்லை. அப்படியே நடந்தது. அவள் கூடையைத் தலையில் ஏற்றிவிடுவதற்குக் கீழே இடுப்பளவு சேற்றில் இன்னொருத்தி நின்றாளே, அவளைப் பற்றி அவன் ஏதாவது சொன்னானா? சேலையை வரிந்து கட்டியிருந்தாள், முடியில் பாசி ஒட்டியிருந்தது, வாய் ஓயாமல் எல்லோரையும் வைதுகொண்டிருந்தாள். யாரோ கூலிக்காரி என்று நினைத்திருப்பான். அது நான்.

ஆம், யாம் என்று எழுதவேண்டிய இடத்தில் நான் என்று எழுதச் சொன்னேன். ஓலைநாயகன் நிமிர்ந்து பார்க்கிறான். தண்கரை நாட்டு நீரும் அந்த வாவியில் உண்டு, ஆகவே எனக்கும் அந்தப் படியில் உரிமை உண்டு. காவலர் என் முகத்தைப் பார்த்த அந்தக் காலையில், தடு என்று நான் சொல்லவில்லை. மருதியின் மாலை காலடியில் கிடந்தது கண்ணில் நின்றது. பாதக்குறட்டைக் கழற்றிவிட்டு இறங்கினேன். நும் மகள் என்னை ஏறிட்டுப் பார்த்து, வணக்கம்கூடச் சொல்லாமல், “அக்கா, அந்தப் பக்கம் வழுக்கும், இப்படி வாங்க” என்றாள். பிணையாய் வந்த நாள்முதல் அவள் என்னை அரசி என்றே அழைத்தவள். அன்று தொட்டு அக்காதான். எனக்கு உடன்பிறந்தவர் இல்லை என்பது நுமக்குத் தெரியும்.

சேற்றின் அடியில் வடமேற்கு மூலையில் அவள் கை ஓரிடத்தில் நின்றது. இங்கே மண் குளிர்ந்திருக்கிறது என்றாள். தோண்டினோம். கல்லால் கட்டிய ஒரு சிறு வாய். அதில் அடைத்திருந்த சேற்றை அவள் விரலால் நோண்டி எடுத்தாள். கரண்டி நுழையாத இடுக்கு அது. திடீரென்று தெளிந்த நீர் குபுகுபுவென்று அவள் முழங்கையை நனைத்துக்கொண்டு மேலே வந்தது. சூள்வாவிக்குச் சொந்தமாய் ஓர் ஊற்று இருந்ததை எம்மில் ஒருவரும் அறியோம். அவள் சிரித்தாள், அழுதாள், சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க அப்பா இதைப் பார்க்கணும்” என்றாள். அடிமையாக்கப்பட்டவள் பேசுகிற பேச்சா அது? அவளை முதன்முதலில் சேற்றில் இறக்கியவர் நீர். அன்று நீர் கற்றுக்கொடுத்ததை அவள் இங்கே செய்தாள். வாளை உருவுமுன் இதைக் கொஞ்சம் எண்ணிப்பாரும்.

இப்போது வாவி நிறைந்து கிடக்கிறது. ஊற்றும் மழையும் நிரப்பின. முதல் கலங்கல் தெளியத் தேற்றாங்கொட்டை உரைத்து ஊற்றினோம். நெல்லிக்கட்டைகள் போட்டிருக்கிறோம். கொசு முட்டையைத் தின்னக் கெண்டையும் அயிரையும் விட்டிருக்கிறோம். அடித்தளத்து மணல் மேலிருந்தே தெரிகிறது. பூத்தொடுப்போர் தெருக் கிணற்றையும் இறைத்துத் தூர்வாரினோம். குழந்தைகள் தேறினார்கள். மருதி இப்போது வாவிக்கு மாலை தொடுப்பதில்லை. தொடு என்று யாமும் கேட்பதில்லை. அந்த ஒன்றைச் சீர்செய்ய எந்த ஏற்றத்தாலும் ஆகாது.

சூள் என்ன ஆயிற்று என்று கேட்டீர். நும் தந்தை ஊற்றிய நீர் எது, நீர் ஊற்றியது எது, மழை எது, ஊற்று எது என்று பிரித்துச் சொல்ல வல்லவர் நும் மலையில் உண்டென்றால் அனுப்பும், பரிசளிக்கிறோம். இறைக்க வராதிருந்தவர் நீங்கள். தூம்பை அடைத்தவர் நாங்கள். சூள் சொன்னபடி செய்தவள் ஒருத்தி. அவளைத் தீவுக்கு அனுப்பச் சொல்கிறது எம் சட்டம். அந்தச் சட்டத்தை நேற்றே அவையில் நீக்கினோம். எழுவர் பிணைகளின் இரும்பு வளைகளையும் கொல்லனை அழைத்து அறுத்தெறியச் சொன்னோம். பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு பெறும் நட்பு எமக்கு வேண்டாம். பிணை கையில் இல்லாவிட்டால் முகில்வரை வேள் இறங்கிவந்து நகரைச் சூறையாடுவார் என்று உலகுய்ய நின்றார் தலையில் அடித்துக்கொண்டார். வந்தால் வரட்டும், நெடுந்தூரம் வரும் குதிரைகளுக்குத் தாகம் எடுக்கும், தெற்கு வாயிலைத் திறந்து வாவியைக் காட்டும் என்றோம். நெஞ்சுக்குள் அச்சம் இல்லாமல் சொன்னோம் என்று நினையாதீர். நிறைய இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

ஓலைதாங்கியின் கையில் ஒரு செப்புக்குடம் இருக்கும். வாவியில் முதன்முதலில் மொண்ட அதே குடம். அது வெறுங்குடம். நும் சுனை நீரை நிரப்பி, மழைக்கு முன் நீரே சுமந்துவந்து, மூங்கிற்குருத்துப் பொறித்த இடத்தில் நும் ஏற்றத்தை ஊன்றினால் எம் தந்தையின் மலைத்தம்பி வந்தார் என்று நகர்வாயிலில் யாம் வந்து எதிர்கொள்வோம். வர மனமில்லையென்றால் குடத்தை நும் அடுக்களையில் வைத்துக்கொள்ளும், நல்ல குடம். இரண்டில் எதைச் செய்தாலும் நும் மகள்மேல் இனி எவருக்கும் எந்த உரிமையும் இல்லை. அவள் எங்கே இருக்க விரும்புகிறாளோ அங்கே இருப்பாள்.

எம் ஆணை இனி நும்மிடம் செல்லாது என்று நீர் எழுதியதால், ஆணையாக அன்றி, தந்தையின் தம்பியிடம் மகள் கேட்பதாக இரண்டு கேட்கிறோம். கணவாயைத் திறந்துவிடும், கீழே உப்பு வண்டிகள் நிற்கின்றன, மேலே நும் மக்கள் உப்பில்லாமல் உண்கிறார்கள். அந்த உப்பு வணிகனை ஒன்றும் செய்யாதீர், அவன் கண்டதைத்தான் சொன்னான்.

இவ்வோலை ஆயிழை நாச்சியார் வாய்மொழிய, ஓலைநாயகன் வடித்து, பேரமைச்சர் உலகுய்ய நின்றார் மனமின்றிக் கையெழுத்திட்டு, அரக்கில் நாரைமுத்திரை பதித்து, ஏழ்வாயில் மாநகரத்திலிருந்து விடுக்கப்பட்டது. எம் குதிரைவீரர் அடிவாரத்தோடு நின்றுவிட்டார்கள். அங்கிருந்து ஓலைதாங்கி நும் மலைப்பாதையில் தனியே ஏறி வந்திருக்கிறார். வழி தெரியுமா என்று கேட்டதற்கு, கால் அறியும் என்று விடை வந்தது. நீர் வளர்க. நிலம் வளர்க. நும் குடி வளர்க.

படிப்பவர் இந்த இடத்தில் ஓலையைச் சுருட்டி வைத்துவிடலாம். வேளே, நீர் எழுந்து வாரும். இனி வழக்கம் தடுக்காது. நும் கையாலேயே அந்தத் துகிலை விலக்கி, இடப்புருவத்துத் தழும்பைப் பாரும்.